திவ்யா சொல்ல வந்தது

எழுமலைப் பக்கம் ஒருத்தி அழுதால் பக்கத்தில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கூடச் சேர்ந்து அழுவார்கள். இல்லையென்றால் புத்தி சொல்வார்கள். அதுவும் இல்லையென்றால், "எந்திரி ஆத்தா, மொகத்தக் கழுவிட்டு ஒரு வாய் காப்பி குடி" என்று அதட்டுவார்கள். அழுகிறவளைப் பார்த்தபடி, வாயையும் திறக்காமல் முகத்தையும் திருப்பாமல் உட்கார்ந்திருப்பதெல்லாம் காலேஜில் சேர்ந்து படித்தால்தான் வரும். பாண்டிமீனா அதைப் படித்தாள். எழுமலை விவசாயக் குடும்பத்துப் பெண். மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி, எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பில் இரண்டாம் வருடம். அந்த வித்தையில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சனிக்கிழமைகளில் பேராசிரியை சாவித்ரி மேடம் தனியாகப் பயிற்சி வைப்பார். பெங்களூரில் மனநலச் சமூகப்பணியில் மேற்படிப்பு ஒன்று இருக்கிறது. அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எழுத்துத் தேர்வை முட்டி மோதித் தாண்டினாலும் நேர்முகத்தில் ஆளை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் பயிற்சி. இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டு, ஒருவர் கஷ்டத்தைச் சொல்ல வந்தவராகவும் ஒருவர் கேட்கிறவராகவும் உட்கார வேண்டும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிப்பார்கள். புத்தி சொன்னால் தப்பு. "எல்லாம் சரியாயிரும்" என்றால் பெரிய தப்பு. "எங்க வீட்லயும் இப்பிடித்தாங்க" என்று சொந்தக் கதையை எடுத்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் மேடம் முகத்தில் முழிக்க முடியாது. விஸ்வநாத் என்று ஒரு பையன், கடன் தொல்லையில் அழுகிறவராக நடித்தவனின் தோளில் தட்டி, "விடுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. உண்மையில் அந்த நேரத்தில் அழுகிறவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்னவோ விஸ்வநாத் தட்டியதுதான். ஆனால் தப்பு என்றால் தப்பு.

பாண்டிமீனா அப்படியெல்லாம் தவறியதே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, சரியான இடத்தில் ஒரு "ம்" போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, "நீங்க சொல்றது எனக்குப் புரியுது, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்பாள். நடிக்க வந்தவர்களே நிஜமாக அழுதுவிடுவார்கள். பெங்களூருக்கு இந்த வருஷம் யாராவது போனால் அது பாண்டிமீனாதான் என்று மேடம் வெளிப்படையாகவே சொன்னார்.

மேடம் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்று உண்டு. சொந்தக்காரர்களின் கேஸை எடுக்கக் கூடாது. சொந்தம் கண்ணை மறைக்கும், பாசமும் கோபமும் உள்ளே புகுந்துவிடும், கேட்கிறவள் யார் என்பதே குழம்பிப் போகும். அப்படி யாராவது வந்தால் இன்னொருவரிடம் கைமாற்றி அனுப்பிவிட வேண்டும். அதற்கு ரெஃபர் பண்ணுவது என்று பேர். நல்ல விதிதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இனி திவ்யா. திவ்யாவும் பாண்டிமீனாவும் எழுமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் கைவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பிளஸ் டூ முடிந்ததும் இவள் காலேஜுக்குப் போனாள். திவ்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வெளியே எங்கேயோ போய்விடுவாளே என்று பாண்டிமீனாதான் வீட்டில் பிடிவாதம் பிடித்து, தன் அண்ணன் முத்துப்பாண்டிக்கே அவளைக் கட்டிவைக்கச் செய்தாள். கல்யாணத்தன்றே அம்மா அழகம்மாள் மகளைக் கூப்பிட்டு, "இனிமே வாடி போடிங்கிறத விட்ரு, மதினின்னு கூப்பிடணும்" என்று கண்டித்துவிட்டாள். ஆள் இருக்கும்போது மதினி, ஆள் இல்லாதபோது 'ஏடி' என்று அது பாட்டுக்கு ஓடியது.

திவ்யா உண்டானபோது பாண்டிமீனா அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பாள். எட்டாம் மாதம் ஒரு நாள் பிள்ளையின் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அப்போது பாண்டிமீனா களப்பணிக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாள். அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணியில் சுற்றிக் கொடுத்ததை முத்துப்பாண்டி வாங்கிவந்து தோட்டத்து மூலையில் அடக்கம் செய்திருந்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி, செத்துப் பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். பார்த்தால் மனசில் நின்றுவிடும், அடுத்தது தங்காது என்பார்கள். வீட்டில் ஒருவரும் துணியை விலக்கிப் பார்க்கவில்லை.

"அவகிட்ட அதப் பத்தி மூச்சு விட்றாத. மறக்கட்டும்" என்றாள் அழகம்மாள். தொட்டில் சேலை, எண்ணெய்க் கிண்ணம், அக்கம்பக்கத்தார் கொடுத்த குட்டிச் சட்டைகள் எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படாமல் போய்விட்டன. அம்மா ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆனால் அது தப்பு என்று பாண்டிமீனாவுக்குத் தெரியும். புத்தகத்தில் அந்தப் பாடத்தை அடிக்கோடு போட்டுப் படித்தவள் அவள். பேச விட வேண்டும், முகத்தைப் பார்க்க விட வேண்டும், பேர் வைத்துக் கூப்பிடக்கூட விட வேண்டும் என்று ஒப்பிப்பாள். அப்படி இருந்தும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த திவ்யாவின் முதுகை இரண்டு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள். உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் நல்லது: அவளுக்குப் பயம். அது அவள் காது வைத்துக் கேட்ட பிள்ளை.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை திவ்யாவிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்கு மதுரைக்கு வாரேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குன்னு வீட்ல சொல்லியிருக்கேன். ஒன்னையத்தான் பாக்க வாரேன். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"நேர்ல சொல்றேன்டி. போன்ல சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டேனா?"

என்ன சொல்லப்போகிறாள் என்பது பாண்டிமீனாவுக்கு அப்போதே தெரிந்துபோனது. நேராக சாவித்ரி மேடத்திடம் போய், "சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தங்களுக்குக் குழந்தை தவறிருச்சு மேடம், பேசணும்னு வர்றாங்க, ஸ்ரீஜாகிட்ட அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். மேடம் சந்தோஷமாக, "அதுதான் கரெக்ட். அனுப்பு" என்றார். வருகிறவள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், இவளைத் தேடித்தான் வருகிறாள் என்பதை பாண்டிமீனா சொல்லவில்லை. அரைகுறையாகக் கேட்ட கேள்விக்கு மேடம் முழுசாகப் பதில் சொல்லிவிட்டார்.

ஸ்ரீஜா அவளுடைய வகுப்புத் தோழி. மதுரை டவுன் பெண். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த பெண்கள் ஆலோசனை மையத்தில் அவளுக்குக் களப்பணி போட்டிருந்தார்கள். அவளிடம் முதல் நாளே சொல்லி வைத்தாயிற்று.

சனிக்கிழமை காலை திவ்யா பஸ்ஸை விட்டு இறங்கினாள். இளைத்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. ஆனால் பாண்டிமீனாவைப் பார்த்ததும் பழைய மாதிரி பல் தெரியச் சிரித்தாள். பக்கத்திலிருந்த ஜூஸ் கடையில், மின்விசிறிக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே தேனி, போடி என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். திவ்யா சாத்துக்குடி ஜூஸைத் தொடவே இல்லை. மேஜைமேல் இருந்த பாண்டிமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீனா, யாருக்கும் தெரியாது. ஒங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது. அந்த நர்ஸக்காகிட்ட கையெடுத்துக் கும்பிட்டு, நான் அது மொகத்தப் பாத்துட்டேன்டி. அது எப்பிடி இருந்துச்சு தெரியுமா?"

இதற்கு மேல் ஒரு வார்த்தை வந்திருந்தால் பாண்டிமீனா உடைந்து போயிருப்பாள். உடைந்து போயிருக்கலாம், ஜூஸ் கடையில் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து அழுதால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. ஆனால் அவளுக்கு அந்த முகம் வேண்டாமாக இருந்தது. அது கண்ணுக்குள் வந்துவிட்டால் பிறகு தப்பிக்க முடியாது என்று பயந்தாள். படித்த படிப்பு அந்த நேரம் பார்த்துக் கைகொடுத்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

"நீங்க எம்புட்டு வேதனையில இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது மதினி. ஆனா இத நான் கேக்கக் கூடாது."

மதினி என்றதும் திவ்யா திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாராவது வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்களோ என்று. யாரும் இல்லை.

"என்னடி இது, வேற யார்கிட்டயோ பேசுற மாதிரி பேசுற?"

"அப்படியில்ல. சொந்தக்காரங்க நாங்க கேட்டா அது ஒங்களுக்கு நல்லதில்ல. எங்க படிப்புலயே அப்பிடித்தான். இங்க பக்கத்துலயே ஸ்ரீஜா இருக்கா, நல்ல பொண்ணு. அவகிட்ட எதையும் சொல்லலாம், வெளிய போகாது. எங்கிட்டகூடச் சொல்ல மாட்டா."

"ஒங்கிட்டயே சொல்ல மாட்டாளா?"

"மாட்டா. அதுதான் விதி."

திவ்யா ஜூஸ் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ, அல்லது எங்கேயாவது இறக்கி வைத்தால் போதும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டாளோ, "நீ சொன்னாச் சரி" என்று எழுந்து கூடவே வந்தாள்.

மாடியில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாண்டிமீனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திவ்யாவின் அழுகை கேட்டது. வீட்டில் ஒரு நாளும் அவள் அப்படி அழுது யாரும் கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து, அடக்காமல், யாராவது கேட்பார்களே என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். அப்புறம் பேச்சுக் குரல். அப்புறம், நம்ப முடியவில்லை, ஒரு சின்னச் சிரிப்பு. எதைச் சொல்லிச் சிரித்தாளோ. வெளியே இருந்தவளுக்கு அப்போது தோன்றியது பெருமைதான். பாடத்தில் படித்தது அப்படியே கண் முன்னால் நடக்கிறது, நாம் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்து வந்த திவ்யாவின் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஸ்ரீஜாவின் கண்ணும் சிவந்திருந்தது. பாண்டிமீனா ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது திவ்யா ஜன்னல் வழியாக, "நல்ல புள்ளடி அது" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகும் சில வாரம் திவ்யா மதுரைக்கு வந்துபோனாள். சாப்பிட ஆரம்பித்தாள், உடம்பு தேறியது, காட்டு வேலைக்குப் போனாள். ஸ்ரீஜா தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள் என்பதில் சந்தேகமே இல்லை. சொந்தக்காரப் பெண்ணை முறைப்படி ரெஃபர் பண்ணியதற்காக பாண்டிமீனாவை சாவித்ரி மேடம் வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

நேர்முகத்துக்குப் பெங்களூர் போனாள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தொழில் எல்லையை நீங்கள் காத்த ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இதற்காகத்தானே காத்திருந்தாள்? பேரை மாற்றி, ஊரை மாற்றி, அண்ணன் மனைவி என்ற உறவை மட்டும் மாற்றாமல், தங்கு தடையில்லாமல் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். மூன்றாவதாக இருந்த நரைத்த தலைமுடி அம்மா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப சாதாரணமாகத் தமிழிலேயே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க அண்ணன் குழந்தை ஆணா, பெண்ணா?"

வீட்டில் எல்லோரும் 'அது' என்றார்கள், பாண்டிமீனாவும் 'அது' என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். மேடத்திடம் 'குழந்தை' என்று சொன்னாள். ஒரு தடவைகூட, ஒருவரிடம்கூட அவள் கேட்டிருக்கவில்லை.

"தெரியாதுங்க மேடம்" என்றாள். அவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடியே ஸ்ரீஜாவுக்குப் போன் போட்டாள்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லு ஸ்ரீஜா. என்ன குழந்தை? யாரு மாதிரி இருந்துச்சாம்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்னால சொல்ல முடியாது. என் இடத்துல நீ இருந்தா சொல்லுவியா?"

சொல்ல மாட்டாள். அது பாண்டிமீனாவுக்கே நன்றாகத் தெரியும்.

"அவ சொன்னத நான் கேட்டிருக்கவே கூடாது, பாண்டி" என்றாள் ஸ்ரீஜா. "நீ கேட்டிருக்கணும்."

அடுத்த வாரம் இடம் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. நரைத்தலை அம்மாவும் சேர்ந்துதான் கொடுத்திருக்க வேண்டும். மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டார். எழுமலையில் அழகம்மாள் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். முத்துப்பாண்டி பெட்டி வாங்க உசிலம்பட்டிக்குப் போனான். பாண்டிமீனாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா அதென்ன பேச்சு?" என்று அழகம்மாள் எழுந்து போய்விட்டாள். அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவனிடம் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான்; ஆனால் அவன் வாயால் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமும் இல்லை. சொல்ல வந்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

திவ்யா தோட்டத்தில், வேப்ப மர நிழலில் பிடுங்கிப் போட்ட செடிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாண்டிமீனாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தாள். திவ்யா பெங்களூர்க் குளிரைப் பற்றிக் கேட்டாள், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் பாண்டிமீனா, தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"ஏடி, என்ன புள்ளடி அது?"

திவ்யாவின் கை நின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தாள். பாண்டிமீனாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அதுகூடத் தெரியாதா ஒனக்கு? இம்புட்டு நாளா?"

"தெரியாதுடி."

"பொம்பளப் புள்ள" என்றாள் திவ்யா.

பாண்டிமீனா அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "யாரு மாதிரி இருந்துச்சு?"

"அதச் சொல்லத்தான அன்னைக்கு பஸ் ஏறி வந்தேன்."

"இப்பச் சொல்லு. படிப்பாவது மண்ணாவது. எம்புட்டு நேரம்னாலும் கேக்குறேன், சொல்லுடி."

திவ்யா யோசித்தாள். உண்மையாகவே சொல்ல முயன்று பார்த்தாள் என்பது அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"முடியல மீனா. ஒங்கிட்ட சொல்லணும்னுதான் அம்புட்டையும் தேக்கித் தேக்கி வச்சிருந்தேன். அன்னைக்கு அந்தப் புள்ளகிட்ட அழுது தீத்துட்டேன். இப்ப அழுக வரல. அழுகாம எம்மக மொகத்தச் சொல்ல எனக்கு மனசு கேக்கல. கடையில பாத்த சேலையச் சொல்ற மாதிரி இருக்கும்."

"என்னைய மன்னிச்சிருடி."

"மன்னிக்க என்ன இருக்கு? நீ எனக்கு நல்லதுதான் பண்ணுன. நீ அன்னைக்குக் கூட்டிட்டுப் போகலன்னா நான் இன்னைக்கு இப்பிடி ஒக்காந்து கடல ஆஞ்சுக்கிட்டு இருக்க மாட்டேன். ஒனக்குத்தான் இல்லாமப் போச்சு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். பாண்டிமீனாவுக்கு அண்ணன் மகளுக்கான அழுகை அப்போதுதான், முதல் தடவையாக, நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. செடியைக் கீழே போட்டுவிட்டு, மண் ஒட்டிய இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முகம் தெரியாத பிள்ளைக்கு அழ வேண்டியிருந்தது. கண்ணை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே ஒரு துணிப்பொட்டலம்தான் தெரிந்தது.

திவ்யா நகர்ந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தாள்.

"அழு" என்றாள். "நான் அழுது முடிச்சிட்டேன். நீ இப்பத்தான் ஆரம்பிக்கிற."

கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று அடுத்த செடியை எடுத்தாள்.